கிங்ஸ் பாயின்ட்டும் அன்னபோலிஸும் ஒன்றா?

நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் பதினொன்றாம் வகுப்பு. அன்னபோலிஸ் நேவல் அகாடமிக்குத்தான் போவேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது திடீரென்று கிங்ஸ் பாயின்ட் மெர்ச்சன்ட் மரைன் அகாடமி என்கிறாள். சொந்தக்காரர் ஒருவர், 'அது அன்னபோலிஸ் கிடைக்காதவர்கள் போகிற இடம்' என்றார். அது மிலிட்டரி அகாடமியா, சாதாரண காலேஜா? படித்து முடித்தால் நேவியில் சேர வேண்டுமா? கப்பலில் பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்குமா?"

நான் கல்கத்தாவில் மரைன் இன்ஜினியரிங் படித்து, இருபது வருஷத்துக்கு மேல் இன்ஜின் ரூமில் காலம் தள்ளிவிட்டு, இப்போது நியூயார்க் பக்கம் கரைவேலையில் இருப்பவன். கிங்ஸ் பாயின்ட்டில் படிக்கவில்லை. ஆனால் அங்கே படித்தவர்களோடு தினமும் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளையும் கப்பலில் பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் சொந்தக்காரர் சொன்னதில் கால்பங்கு உண்மை உண்டு. அன்னபோலிஸுக்கும் கிங்ஸ் பாயின்ட்டுக்கும் சேர்த்து விண்ணப்பித்து, முதலாவது கிடைக்காமல் இரண்டாவதற்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி வருகிறவர்களில் சிலர் முதல் வருஷம் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்ப்படியாகப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். இரண்டும் வேறு வேறு வேலைக்கு ஆள் தயார் செய்கிற இடங்கள். வெளியே பார்க்கத்தான் ஒரே மாதிரி: அதே வெள்ளைச் சீருடை, அதே அணிவகுப்பு, காலையில் அதே விசில்.

அமெரிக்காவில் மத்திய அரசு நடத்தும் இத்தகைய அகாடமிகள் ஐந்து. தரைப்படைக்கு வெஸ்ட் பாயின்ட் (1802), கடற்படைக்கு அன்னபோலிஸ் (1845), கோஸ்ட் கார்டு என்ற கடலோரக் காவல்படைக்கு நியூ லண்டன் (1876), வணிகக் கப்பல்களுக்கு கிங்ஸ் பாயின்ட் (1943), விமானப்படைக்கு கொலராடோ ஸ்பிரிங்ஸ் (1954). வெஸ்ட் பாயின்ட், அன்னபோலிஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸ் மூன்றும் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகின்றன. கோஸ்ட் கார்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. கிங்ஸ் பாயின்ட் மட்டும் போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள கடல்சார் நிர்வாகத்திடம் இருக்கிறது. நெடுஞ்சாலையையும் ரயிலையும் கவனிக்கிற அதே துறை. மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைவிடுகின்றன.

சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னபோலிஸில் உள்ளே நுழைந்த நாளிலிருந்து மாணவர் ராணுவப் பணியில் இருப்பதாகக் கணக்கு. மாதாமாதம் ஒரு தொகை உண்டு. சீருடைக்கும் கணினிக்கும் அதிலிருந்துதான் பிடிப்பார்கள். கிங்ஸ் பாயின்ட் மாணவர் கடற்படையின் ரிசர்வ் பட்டியலில் (தேவைப்பட்டால் அழைக்கப்படும் பட்டியல்) இருப்பார், ஆனால் முழுநேர ராணுவப் பணியில் இல்லை. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாம் அரசு செலவு. மாதச் சம்பளம் கிடையாது. கப்பலில் பயிற்சிக்குப் போகிற மாதங்களில் மட்டும் கப்பல் கம்பெனி ஒரு சிறு தொகை கொடுக்கும். சில கட்டணங்களும் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். ஆக, "எல்லாம் இலவசம்" என்று யாராவது சொன்னால் ஏறக்குறைய சரி, முழுக்கச் சரியில்லை.

வளாகமும் அப்படித்தான். அன்னபோலிஸைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். கார் கம்பெனி முதலாளி வால்டர் கிரைஸ்லரின் பங்களாவையும் தோட்டத்தையும் அரசு வாங்கி, போர்க்கால அவசரத்தில் கட்டிய இடம் அது. லாங் ஐலண்டின் வடகரையில் தண்ணீரை ஒட்டி இருப்பதால் பார்க்க அழகு. கட்டடங்கள் பழையவை, பராமரிப்பு போதவில்லை என்று அரசு கேட்டு வாங்கிய ஆய்வறிக்கையே சொல்லியிருக்கிறது. பெரிய துறையின் சின்னப் பிள்ளைக்கு எப்போதும் பழைய சட்டைதான். அங்கே மொத்தம் சுமார் 1,000 மாணவர்கள். அன்னபோலிஸிலும் வெஸ்ட் பாயின்ட்டிலும் தலா 4,000-க்கு மேல்.

இந்த அகாடமி ஏன் வந்தது என்பதற்கு உங்கள் ஊர்க் கடற்கரையில் நடந்த ஒரு விபத்தும் காரணம். 1934 செப்டம்பரில் ஹவானாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்துகொண்டிருந்த மோரோ காசில் என்ற பயணிகள் கப்பல் நியூஜெர்சிக்கு அருகே தீப்பிடித்து, கடைசியில் ஆஸ்பரி பார்க் கரையில் வந்து ஒதுங்கியது. 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாலுமிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஒழுங்கான பயிற்சி இல்லை என்பது அம்பலமானது. 1936-ல் வணிகக் கப்பல் சட்டம் வந்தது, தொடர்ந்து கேடட் (பயிற்சி மாணவர்) பயிற்சி வந்தது. 1943 செப்டம்பர் 30-ல் கிங்ஸ் பாயின்ட் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது.

அதற்குள் போர் வந்துவிட்டது. பயிற்சியில் இருந்த பிள்ளைகள் நேராகப் போர்க்கடலுக்குப் போனார்கள். 1942 செப்டம்பர் 27-ல் தெற்கு அட்லாண்டிக்கில் ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்ற சரக்குக் கப்பலை ஜெர்மானிய ஆயுதக் கப்பல் ஸ்டியர் மடக்கியது. சரக்குக் கப்பலில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒரே ஒரு நாலு அங்குலப் பீரங்கி. பீரங்கிக்காரர்கள் விழுந்த பிறகு, எட்வின் ஓஹாரா என்ற 18 வயது இன்ஜின் கேடட் கீழேயிருந்து ஏறி வந்து, மிச்சமிருந்த ஐந்து குண்டுகளையும் சுட்டான். அவனும் இறந்தான், அவன் கப்பலும் மூழ்கியது. ஆனால் ஸ்டியரும் மூழ்கியது. படகில் ஏறியவர்களில் 15 பேர் 31 நாள் கழித்து பிரேசில் கரை சேர்ந்தார்கள். அந்தப் போரில் இறந்த கேடட்கள் மொத்தம் 142 பேர். ஐந்து அகாடமிகளில் போர்க்கொடி ஏந்தும் உரிமை கிங்ஸ் பாயின்ட்டுக்கு மட்டும் இருப்பது இதனால்தான். மற்றவர்கள் படித்து முடித்துவிட்டுப் போருக்குப் போனார்கள். இவர்கள் படிக்கும்போதே போனார்கள். இதில் வேதனை என்னவென்றால், அந்தப் போரில் கப்பலோட்டிய வணிக மாலுமிகளுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற அங்கீகாரம் 1988-ல்தான் கிடைத்தது. ராணுவமா, சிவிலியனா என்ற இந்த இழுபறி இன்றைக்கும் அந்த அகாடமியை விடவில்லை.

இனி உங்கள் மகள் உண்மையில் யோசிக்க வேண்டிய விஷயம்: கடல் வருஷம். அமெரிக்காவின் மாநிலக் கடல்சார் கல்லூரிகளில் பயிற்சிக்கப்பல் ஒன்று இருக்கும். வகுப்பே மொத்தமாக அதில் ஏறிப் போகும். கிங்ஸ் பாயின்ட்டில் அப்படியில்லை. இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் மாணவர்களைப் பிரித்து, ஓடிக்கொண்டிருக்கும் நிஜ வணிகக் கப்பல்களுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு கப்பலுக்கு இரண்டு பேர்: ஒருவர் டெக் (கப்பலை ஓட்டும் பிரிவு), ஒருவர் இன்ஜின். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 300 நாள் கடலில். கன்டெய்னர் கப்பல், எண்ணெய்க் கப்பல், ராணுவத்துக்குச் சரக்கு ஏற்றும் கப்பல் என்று எது கிடைக்கிறதோ அது. போகும்போது ஒரு மூட்டை வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்புவார்கள். எட்டு மணி நேரம் வாட்ச் (முறைவேலை) பார்த்துவிட்டு வந்து, கப்பலின் குழாய்ப் பாதைகளை எல்லாம் தடவித் தடவி வரைபடம் போட்டு எழுத வேண்டும்.

எலிசபெத் துறைமுகத்தில் ஒருமுறை ஒரு கன்டெய்னர் கப்பலின் இன்ஜின் ரூமுக்கு இறங்கினேன். பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒருத்தி, முகமெல்லாம் எண்ணெய்க் கரி, பியூரிஃபயரை (எண்ணெயைச் சுத்தம் செய்யும் இயந்திரம்) பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுருண்டுபோன நோட்டுப் புத்தகம். கிங்ஸ் பாயின்ட் கேடட். அன்னபோலிஸ் மாணவர்களும் கோடையில் போர்க்கப்பலுக்குப் போவார்கள், ஆனால் சில வாரங்கள். அங்கே அவர்கள் பார்த்துக் கற்பது அதிகம். இந்தப் பெண்ணுக்கு அந்த பியூரிஃபயர் அன்று மாலைக்குள் ஓடியாக வேண்டும். அவளுக்கு மேலே இருந்த இன்ஜினியர் நாற்பது வருஷ சர்வீஸ்காரர். சீருடை மரியாதை எல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. ராணுவ அகாடமி கொடுக்க முடியாத பாடம் இதுதான். முப்பது பேரைக் கட்டளையிட்டு நடத்துவது எப்படி என்று ராணுவ அகாடமி நான்கு வருஷம் சொல்லிக் கொடுக்கும். உன்னைவிட இரு மடங்கு வயதானவர், உன் பட்டத்தைப் பொருட்படுத்தாதவர், அவரிடம் எப்படி வேலை கற்றுக்கொள்வது என்பதைக் கப்பல்தான் சொல்லிக் கொடுக்கும்.

கடலில் போன நாட்களை ஈடுகட்ட, கரையில் இருக்கும் நாட்களில் படிப்பைத் திணிப்பார்கள். வருஷத்துக்கு மூன்று பருவம், பதினோரு மாதப் படிப்பு. அன்னபோலிஸில் இலக்கியம், பொருளாதாரம், அரபி என்று இருபத்துச் சொச்சம் பாடங்களில் எதையும் முக்கியப் பாடமாக எடுக்கலாம். கிங்ஸ் பாயின்ட்டில் கப்பல் ஓட்டுதல், கப்பல் இயந்திரம், அதையொட்டிய சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் என்று கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். நடுவில் மனம் மாறி வேறு படிக்கலாம் என்றால் இடமில்லை. பதினேழு வயதில் இதைத் தெரிந்து சொல்வது கஷ்டம்தான்.

முடிக்கும்போது கையில் மூன்று காகிதம் வரும்: பி.எஸ். பட்டம், கோஸ்ட் கார்டு கொடுக்கும் கப்பல் அதிகாரி லைசென்ஸ், ராணுவத்தில் ஓர் அதிகாரி நியமனம். அன்னபோலிஸில் முதலாவதும் மூன்றாவதும் மட்டும். லைசென்ஸ் பரீட்சை பல நாள் நடக்கும். தேறாவிட்டால் பட்டமும் கிடையாது. டெக் பிரிவில் கடல் சாலைவிதிகள் தாளில் மட்டும் தேறுவதற்கே 90 சதவீதம் எடுக்க வேண்டும். டெக்கில் தேறினால் தேர்ட் மேட், இன்ஜினில் தேறினால் தேர்ட் அசிஸ்டன்ட் இன்ஜினியர். நம் ஊர்க் கப்பல்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டுக் குழம்புவார்கள்: அமெரிக்கர்கள் சீஃப் இன்ஜினியரை விட்டுவிட்டு அதற்குக் கீழே ஃபர்ஸ்ட் என்று எண்ண ஆரம்பிப்பார்கள். அவர்களுடைய தேர்ட் அசிஸ்டன்ட்தான் நம்முடைய ஃபோர்த் இன்ஜினியர்.

"நேவியில் சேர வேண்டுமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டாயமில்லை, ஆனால் கடமையிலிருந்து தப்பவும் முடியாது. இரண்டு வழி. ஒன்று, ஐந்து வருஷம் கடல்சார் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எட்டு வருஷம் ரிசர்வ் அதிகாரியாக இருப்பது. பெரும்பாலும் கடற்படையின் ஸ்ட்ராடஜிக் சீலிஃப்ட் பிரிவில். ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு வாரப் பயிற்சி. போர் என்று வந்தால் ராணுவச் சரக்கைக் கொண்டுபோகும் கப்பல்களுக்கு இவர்கள்தான் ஆள். லைசென்ஸையும் ஆறு வருஷமாவது காலாவதியாகாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது வழி, நேராக ராணுவத்தில் ஐந்து வருஷ முழுநேரப் பணி. இதில் ஒரு வேடிக்கை: அன்னபோலிஸில் படித்தவர் பொதுவாகக் கடற்படைக்கோ மரைன் கோருக்கோதான் போவார். கிங்ஸ் பாயின்ட் மாணவர் தரைப்படை, விமானப்படை, கோஸ்ட் கார்டு உட்பட எந்தப் படைக்கும் விண்ணப்பிக்கலாம். இப்போது அரிசோனா செனட்டராக இருக்கும் மார்க் கெல்லி 1986-ல் கிங்ஸ் பாயின்ட்டில் முடித்தவர். கடற்படை விமானியாகி, வளைகுடாப் போரில் பறந்து, விண்வெளிக்கும் போனார். நம்மவர்கள் கொண்டாடும் சுனிதா வில்லியம்ஸ் அதற்கு அடுத்த வருஷம், 1987-ல், அன்னபோலிஸில் முடித்தவர். இருவரும் வந்து சேர்ந்தது ஒரே நாசா.

ஆக, மகள் கிங்ஸ் பாயின்ட்டுக்குப் போனாலும் ராணுவக் கதவு மூடாது. ஆனால் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. போட்டியிட்டுத்தான் வாங்க வேண்டும். அன்னபோலிஸில் முடித்தவருக்கு வேலை தேடும் கவலையே இல்லை: போர்க்கப்பலா, நீர்மூழ்கியா, விமானமா என்பதுதான் பேச்சு. கிங்ஸ் பாயின்ட்டில் கப்பல் வேலையைத் தானே தேட வேண்டும். அமெரிக்கக் கொடி பறக்கும் பெரிய கடல்கப்பல்கள் இருநூறுக்கும் குறைவு. 1920-ன் ஜோன்ஸ் சட்டப்படி அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்ற அமெரிக்காவில் கட்டிய, அமெரிக்கர்கள் ஓட்டும் கப்பல்தான் வேண்டும் என்பதால் அந்த அளவாவது நிற்கிறது. கப்பல் குறைவு, ஆளும் குறைவு. அதனால் இப்போதைக்கு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. யூனியன் வழியாக ஏறினால், முதல் வருஷமே அதே வயது ராணுவ அதிகாரியைவிடக் கையில் அதிகம் வரும். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கலாம். மற்ற பாதி நாள் வீட்டில் கல்யாணமோ சாவோ, வர முடியாது. எனக்கு என் அப்பா காரியம் அப்படிப் போனது. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். இதைச் சுற்றி வளைக்கக் கூடாது. பெண்களை முதலில் சேர்த்தது கிங்ஸ் பாயின்ட்தான், 1974-ல். ராணுவ அகாடமிகள் 1976-ல்தான் சேர்த்தன. ஆனால் கடல் வருஷத்தில் பாலியல் துன்புறுத்தல் நடக்கிறது என்ற புகார்களால் 2016-ல் வணிகக் கப்பல் பயிற்சியை நிறுத்திவைத்தார்கள். 2021-ல் ஒரு மாணவி பெயர் வெளியிடாமல் தனக்குக் கப்பலில் நடந்ததை எழுதினார், மறுபடி நிறுத்தினார்கள். அதன்பிறகு, குறிப்பிட்ட பாதுகாப்பு விதிகளை ஏற்றுக்கொண்ட கம்பெனிகளின் கப்பல்களுக்குத்தான் கேடட்களை அனுப்புவது என்று ஆயிற்று. 2022 டிசம்பரில் வந்த சட்டம், தங்கும் அறைகள் இருக்கும் நடைபாதையில் கேமரா, எல்லா அறைகளையும் திறக்கும் மாஸ்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்குக் கணக்கு, புகார் வந்தால் கோஸ்ட் கார்டுக்குச் சொல்லியாக வேண்டிய கடமை என்றெல்லாம் கட்டாயமாக்கியது. ராணுவ அகாடமிகளும் இதில் சுத்தமில்லை. பாதுகாப்புத் துறை தன் அகாடமிகளைப் பற்றி ஆண்டுதோறும் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டியிருக்கிறது. கோஸ்ட் கார்டு அகாடமியில் பழைய புகார்களை மறைத்தது 2023-ல் வெளியே வந்தது. வித்தியாசம் எங்கே என்றால், ராணுவ வளாகத்தில் சுற்றிலும் சக மாணவர்கள் இருப்பார்கள். நடுக்கடலில் இருபது பேர் இருக்கும் கப்பலில் உங்கள் மகள் ஒருத்தியாகவே இருக்கக்கூடும். என் கண்ணுக்கு நிலைமை முன்னைவிட மாறித்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த இடத்தில் நான் சொல்வதைவிட, போய்வந்த மாணவிகள் சொல்வதுதான் கணக்கு.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கோஸ்ட் கார்டு அகாடமிக்குப் பரிந்துரை தேவையில்லை. மற்ற நான்குக்கும் செனட்டர் அல்லது காங்கிரஸ் உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். அதற்கு அவர்கள் அலுவலகத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே கடைசித் தேதி வந்துவிடும். கிங்ஸ் பாயின்ட்டில் இடங்கள் மாநிலவாரியாகப் பிரிக்கப்படுவதால் உங்கள் மகள் நியூஜெர்சிப் பிள்ளைகளோடுதான் போட்டி போடுவாள். நிறக்குருடு இருந்தால் லைசென்ஸே சிக்கலாகும், கண்ணை இப்போதே பரிசோதித்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். உடல்தகுதித் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் பெரும்பாலும் பொது.

ஊரிலிருந்து வந்தவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள்: நம் ஊரில் இது எப்படி? அங்கே இரண்டுக்கும் முடிச்சே இல்லை. சென்னையில் தலைமையகம் வைத்து 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைக்கு ராணுவக் கடமை எதுவும் கிடையாது. கேரளத்தில் இருக்கும் எழிமலைக் கடற்படை அகாடமி தனி உலகம். நான் படித்தபோதும் கட்டணத்தைக் கட்டினோம், பரீட்சை எழுதினோம், எந்த நாட்டுக் கொடி சம்பளம் கொடுத்ததோ அந்தக் கப்பலில் ஏறினோம். அந்தக் கண்ணோடு கிங்ஸ் பாயின்ட்டைப் பார்க்காதீர்கள்.

சீருடை, ராணுவக் கடமை இதெல்லாம் வேண்டாம், கப்பல் மட்டும் போதும் என்று மகள் சொன்னால் மாநிலக் கல்லூரிகள் இருக்கின்றன. பணம் கட்ட வேண்டும். லைசென்ஸ் அதே லைசென்ஸ். உங்களுக்குப் பக்கத்தில் பிராங்க்ஸில் 1874-லிருந்து நடக்கும் நியூயார்க் மாநிலக் கல்லூரி, த்ராக்ஸ் நெக் பாலத்தடியில். கிங்ஸ் பாயின்ட் கரையில் நின்று பார்த்தால் அந்தப் பாலம் தெரியும். ஒரு சனிக்கிழமை இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். கிங்ஸ் பாயின்ட்டில், சுற்றிக் காட்டும் அதிகாரியிடம் பேசிவிட்டு நிறுத்திவிடாமல், கடல் முடித்துத் திரும்பிய மாணவி ஒருத்தியைக் கேட்டு வாங்கிப் பேசச் சொல்லுங்கள். அந்தப் பேச்சில் நீங்கள் கூட இருக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.